35 வயதைத் தாண்டிய பவுலரை டிரேடில் எடுக்கலாமா? ஐபிஎல் அணிகள் போடும் கணக்கு இதுதான்!

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மீன்பிடித் தடைக்காலம். படகுகளைக் கரையேற்றி, பலகை மாற்றி, எஞ்சினைப் பிரித்துப் பார்த்து, பெயின்ட் அடிப்பதும் இந்த நாட்களில்தான். ஐபிஎல் சீசனின் பெரும்பகுதியும் இதே நாட்களில் வருவதால், பகலில் படகு வேலை, ராத்திரியில் மேட்ச் என்று ஓடும்.

பழைய படகு ஒன்று விலைக்கு வந்தால் கரையில் எழும் பேச்சும், வயதான பவுலர் ஒருவர் அணி மாறினால் டிவி முன்னால் எழும் பேச்சும் கிட்டத்தட்ட ஒன்றுதான். "பழசுதான்... ஆனா இன்னும் ரெண்டு சீசன் தாங்குமா? இந்த விலை கொடுக்கலாமா?"

2025 நவம்பர் 15-ம் தேதி இந்தக் கேள்வி ஒரே நாளில் இரண்டு தடவை வந்தது. 35 வயது முகமது ஷமியை ஹைதராபாத் அணியிடமிருந்து 10 கோடி ரூபாய் சம்பளத்தில் லக்னோ எடுத்துக்கொண்டது. 37-வது பிறந்தநாளுக்கு மூன்று வாரமே இருந்த ரவீந்திர ஜடேஜாவை சென்னையிடமிருந்து ராஜஸ்தான் எடுத்துக்கொண்டது. "வயசாயிடுச்சு, எதுக்குய்யா இவ்ளோ காசு?" என்று ஒரு பக்கம். "அனுபவம்ப்பா, பிரஷர் மேட்ச்ல அதுதான் பேசும்" என்று இன்னொரு பக்கம்.

யார் சொல்வது சரி? அணிகள் உண்மையில் எதைப் பார்க்கின்றன?

டிரேடு எப்படி நடக்கிறது?

ஏலத்தில் பத்து அணிகளும் கை தூக்கலாம். விலை எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. டிரேடு அப்படி இல்லை. இரண்டு அணிகள் உட்கார்ந்து பேசி முடிக்கும். வீரருக்கு வீரர் மாற்றிக்கொள்ளலாம். பணம் மட்டும் கொடுத்து எடுக்கலாம், இதைத்தான் 'ஆல் கேஷ் டீல்' என்கிறார்கள். ஒரு வீரரும் கொஞ்சம் பணமும் சேர்த்துக் கொடுக்கவும் செய்யலாம்.

சில விதிகள் உண்டு.

• சீசன் முடிந்து 7 நாள் கழித்து டிரேடு சாளரம் திறக்கும். ஏலத்துக்கு 7 நாள் முன்பு மூடும். ஏலம் முடிந்ததும் மறுபடி திறந்து, அடுத்த சீசன் தொடங்க 30 நாள் இருக்கும்வரை ஓடும்.

• வீரரின் சம்மதம் இல்லாமல் டிரேடு கிடையாது. பிசிசிஐ ஒப்புதலும் வேண்டும்.

• வாங்கும் அணியின் சம்பளப் பையிலிருந்து வீரரின் சம்பளம் கழிக்கப்படும். 2026 சீசனுக்கு ஒவ்வொரு அணிக்கும் இந்தப் பை 125 கோடி ரூபாய்.

• ஓர் அணியில் அதிகபட்சம் 25 பேர், அதில் வெளிநாட்டு வீரர்கள் 8 பேர்.

வீரர் தானாகவே இன்னோர் அணியுடன் பேரம் பேசக் கூடாது என்பதும் முக்கியமான விதி. அதை மீறியதற்காக 2010 சீசன் முழுவதும் தடை வாங்கிய இளைஞர் ஒருவர் உண்டு. அன்று ராஜஸ்தான் அணியில் இருந்த ரவீந்திர ஜடேஜாதான் அவர். 15 ஆண்டுகள் கழித்து, அதே ராஜஸ்தானுக்கு முறைப்படி டிரேடு ஆகித் திரும்பிப் போயிருக்கிறார்.

பவுலருக்கு மட்டும் ஏன் தனிக் கணக்கு?

பேட்ஸ்மேன் நன்றாக ஆடினால் 20 ஓவரும் நிற்கலாம். பவுலருக்கு அந்த வாய்ப்பு இல்லை. டி20-யில் எவ்வளவு பெரிய பவுலராக இருந்தாலும் 4 ஓவர்தான். 120 பந்துகளில் 24. அதாவது, ஆட்டத்தின் ஐந்தில் ஒரு பங்கு.

லீக் சுற்றில் ஓர் அணிக்கு 14 போட்டிகள். எல்லாப் போட்டியிலும் ஆடி, எல்லா ஓவரும் போட்டால் 336 பந்துகள். 10 கோடி ரூபாய் பவுலர் என்றால், ஒரு பந்துக்கு சுமார் 3 லட்சம் ரூபாய்!

கேட்க மலைப்பாக இருந்தாலும் இதை இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். 125 கோடியில் 10 கோடி என்பது 8 சதவீதம். பணத்தில் 8 சதவீதத்தைக் கொடுத்து, எதிரணி சந்திக்கும் பந்துகளில் 20 சதவீதத்தை நல்ல கையில் ஒப்படைப்பது லாபமான வியாபாரம்தான். அவர் 14 போட்டியும் ஆட வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

9 போட்டி மட்டும் ஆடினால் அந்த 20 சதவீதம் 13-ஆகக் குறைந்துவிடும். ஆடுகிற போட்டியிலும் ஓவருக்கு 11 ரன் போனால், 4 ஓவரில் 44 ரன் போய்விடும். அப்போது 8 சதவீதம் கொடுத்து வாங்கியவரால் நஷ்டம்தான்.

ஆகவே மூத்த பவுலர் விஷயத்தில் "நல்லா போடுவாரா?" என்று கேட்பதற்கு முன்னால் "எத்தனை மேட்ச் ஆடுவார்?" என்று கேட்க வேண்டியிருக்கிறது.

சென்னை ரசிகர்களுக்குத் தெரிந்த கணக்கு

இதற்கு வெளியூரில் உதாரணம் தேட வேண்டாம். 2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்த மெகா ஏலத்தில் சிஎஸ்கே இரண்டு சுழற்பந்து வீச்சாளர்களைக் கிட்டத்தட்ட ஒரே விலைக்கு எடுத்தது. ரவிச்சந்திரன் அஸ்வின், வயது 38, விலை 9.75 கோடி. ஆப்கானிஸ்தானின் நூர் அகமது, வயது 19, விலை 10 கோடி.

அஸ்வினை எடுத்ததில் உணர்வு நிறைய இருந்தது. 2011 இறுதிப் போட்டியில் முதல் ஓவரிலேயே கிறிஸ் கெயிலை ரன் எடுக்காமல் அனுப்பியவர். 2015 வரை மஞ்சள் சட்டை. பிறகு பல அணிகள் சுற்றி, பத்து ஆண்டு கழித்து வீட்டுக்கு வந்தார். சேப்பாக்கத்தின் ஒவ்வொரு அங்குலமும் தெரிந்தவர் என்று எல்லோரும் கொண்டாடினார்கள்.

2025 சீசன் முடிவில் அஸ்வின் 9 போட்டிகளில் 7 விக்கெட். நூர் 14 போட்டிகளில் 24 விக்கெட். அணி 14-ல் 4 மட்டும் ஜெயித்து, வரலாற்றிலேயே முதல் முறையாகக் கடைசி இடம் பிடித்தது. ஆகஸ்ட் 27-ம் தேதி அஸ்வின் ஐபிஎல்லில் இருந்து ஓய்வை அறிவித்தார். மொத்தம் 221 போட்டிகள், 187 விக்கெட்டுகள் என்ற கணக்கோடு விடைபெற்றார்.

அவர் ஏலத்தில் வந்தவர், டிரேடில் அல்ல. ஆனாலும் கணக்கு ஒன்றுதான். அணி எந்தச் சேப்பாக்கத்தை மனதில் வைத்து அவரை எடுத்ததோ, அந்தச் சேப்பாக்கம் அந்த ஆண்டு இல்லை. 2008-க்குப் பிறகு முதல் முறையாக பெங்களூரு அங்கே ஜெயித்தது. 2010-க்குப் பிறகு டெல்லி ஜெயித்தது. ஹைதராபாத் முதல் தடவையாக ஜெயித்தது. ஒரு குறிப்பிட்ட ஆடுகளத்துக்காக ஒருவரை எடுத்துவிட்டு, ஆடுகளம் மாறிவிட்டால் அனுபவம் எவ்வளவு இருந்தும் கைகொடுக்காது.

அப்போ வயசானவங்க வேண்டாமா?

அப்படிச் சொன்னால் சிஎஸ்கே வரலாறே கேள்வி கேட்கும்.

2015-ல் ஆசிஷ் நெஹ்ராவுக்கு 36 வயது. புதுப் பந்தை எடுத்துக்கொண்டு சென்னைக்காக 22 விக்கெட் எடுத்தார். அந்த ஆண்டு அணி இறுதிப் போட்டிக்குப் போனது. 2019-ல் இம்ரான் தாஹிருக்கு வயது 40. அந்த சீசனில் 26 விக்கெட் எடுத்து, ஐபிஎல்லிலேயே அதிக விக்கெட் எடுத்தவருக்கான ஊதா தொப்பியை வாங்கினார். சிஎஸ்கே அவரை 2018 ஏலத்தில் எடுத்த விலை 1 கோடி ரூபாய்.

இந்த இடத்தில் விலையைக் கவனிக்க வேண்டும். 1 கோடிக்கு எடுத்த 40 வயதுக்காரர் தோற்றிருந்தாலும் அணி கவிழ்ந்திருக்காது. வேறு ஒருவரை ஆட வைத்துவிட்டுப் போகலாம்.

பியூஷ் சாவ்லா கதை இதை இன்னும் தெளிவாகக் காட்டும். 2019 டிசம்பர் ஏலத்தில் சிஎஸ்கே அவரை 6.75 கோடிக்கு எடுத்தது. அப்போது அவருக்கு 30 வயது. 2020 சீசனில் 7 போட்டி, 6 விக்கெட். சென்னை முதல் முறையாக பிளே ஆஃப் போகாத ஆண்டு அது. மூன்று ஆண்டு கழித்து, 34 வயதில், அதே சாவ்லா 50 லட்சத்துக்கு மும்பை அணியில் ஆடி 2023-ல் 22 விக்கெட் எடுத்தார்.

வயது கூடியது, விலை குறைந்தது, விக்கெட் ஏறியது. முன்னால் வேண்டாத சுமையாகத் தெரிந்த பவுலர், 50 லட்சத்தில் அணிக்குப் புதையல் ஆகிவிட்டார். வயதை மட்டும் வைத்து முடிவெடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பிடிபடாது.

ஒரே சாளரம், இரண்டு கதவு

ஐபிஎல் டிரேடு பற்றிப் பேசினால் 2019 நவம்பரில் டெல்லி கேப்பிட்டல்ஸ் செய்ததைச் சொல்லாமல் விட முடியாது.

அந்தச் சாளரத்தில் பஞ்சாப் கேப்டனாக இருந்த அஸ்வினை டெல்லி எடுத்தது. பதிலுக்குக் கொடுத்தது ஜகதீஷா சுசித்தும் 1.5 கோடி ரூபாயும். அஸ்வினுக்கு 33 வயது. 2020-ல் அவர் 13 விக்கெட் எடுத்தார். டெல்லி தன் வரலாற்றில் முதல் முறையாக இறுதிப் போட்டிக்குப் போனது. இது நல்ல டிரேடு என்பதில் சந்தேகம் இல்லை.

அதே சாளரத்தில் டெல்லி ஒருவரை வெளியே அனுப்பியது. நியூசிலாந்தின் டிரென்ட் போல்ட். 30 வயது, சம்பளம் 2.2 கோடி, புதுப் பந்து வீசுபவர். டெல்லிக்கு ஏற்கெனவே ககிசோ ரபாடா இருந்தார், வெளிநாட்டு வீரர் நான்கு பேர்தான் களத்தில் ஆட முடியும். ஆகவே போல்ட் மும்பைக்குப் போனார். காகிதத்தில் பார்த்தால் தப்பே இல்லை. ரபாடா அந்த சீசனில் 30 விக்கெட்டும் எடுத்தார்.

2020 நவம்பர் 10, துபாய். டெல்லிக்கும் மும்பைக்கும் இறுதிப் போட்டி. முதல் பந்தை வீசியவர் போல்ட். அந்தப் பந்திலேயே மார்கஸ் ஸ்டாய்னிஸ் விக்கெட். மொத்தம் 3 விக்கெட், ஆட்ட நாயகன், மும்பைக்குக் கோப்பை. அந்த சீசனில் போல்ட் எடுத்தது 25 விக்கெட்.

டிரேடில் உங்களுக்கு வந்த வீரர் எப்படி ஆடினார் என்பது பாதிக் கணக்கு. நீங்கள் அனுப்பியவர் யாருக்கு எதிராக, எந்த நாளில் பந்தை எடுக்கிறார் என்பது மீதிப் பாதி.

பேஸ்பால் நூறு வருஷமா கேட்கிற கேள்வி

அமெரிக்காவின் பேஸ்பாலில் இது ஒவ்வொரு ஆண்டும் நடக்கும் விவாதம். அங்கே 'ஸ்டார்ட்டிங் பிட்சர்' என்று ஒருவர் உண்டு. ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் பந்து எறிபவர். நம்ம ஊர் புதுப் பந்து பவுலர் மாதிரி. ஆனால் 4 ஓவர் கட்டுப்பாடு கிடையாது. ஒரே ஆட்டத்தில் 90, 100 பந்துகள் எறிவார். கை தாங்க வேண்டும் என்பதால் அடுத்த நான்கு நாள் ஓய்வு. ஆகவே ஓர் அணிக்கு இப்படி ஐந்து பேர் தேவை.

சீசன் நடுவில் கோப்பை வாய்ப்பு தெரிந்தால், பெரிய அணிகள் வயதான, பேர் பெற்ற பிட்சரைத் தேடும். பதிலுக்கு, இன்னும் பெரிய மேடை ஏறாத இளம் வீரர்களைக் கொடுக்கும். அங்கே விலை என்பது பெரும்பாலும் இந்த இளைஞர்கள்தான்.

1987 ஆகஸ்ட் 12-ம் தேதி டெட்ராய்ட் டைகர்ஸ் இப்படி ஒரு டிரேடு செய்தது. எடுத்தது 36 வயது டாயில் அலெக்ஸாண்டரை. கொடுத்தது, அதே மாநிலத்தில் வளர்ந்த 20 வயது ஜான் ஸ்மோல்ட்ஸை. அலெக்ஸாண்டர் வந்ததும் மிரட்டினார். 9 வெற்றி, ஒரு தோல்விகூட இல்லை. டெட்ராய்ட் பிரிவில் முதலிடம் பிடித்தது. பிளே ஆஃபில் தோற்றது. இரண்டு ஆண்டில் அலெக்ஸாண்டர் ஓய்வு பெற்றார். ஸ்மோல்ட்ஸ் அட்லாண்டாவுக்காக ஏறத்தாழ இருபது ஆண்டுகள் எறிந்து, 2015-ல் 'ஹால் ஆஃப் ஃபேம்' கௌரவம் பெற்றார்.

நேர்மாறான கதையும் உண்டு. 2017 ஆகஸ்ட் 31, நள்ளிரவுக் கெடு முடிய சில நிமிடம் இருக்கும்போது, ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் 34 வயது ஜஸ்டின் வெர்லாண்டரை அதே டெட்ராய்ட்டிடமிருந்து எடுத்தது. கொடுத்தது மூன்று இளம் வீரர்கள். வழக்கமான சீசனின் மிச்சத்தில் வெர்லாண்டர் ஆடிய 5 ஆட்டத்திலும் வெற்றி. அந்த ஆண்டு ஹூஸ்டனுக்கு முதல் உலகத் தொடர் கோப்பை. கொடுத்த மூவரில் யாரும் ஸ்மோல்ட்ஸ் ஆகவில்லை.

இரண்டு அணிகளும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி சூதாடின. வந்த மூத்தவர் இருவருமே ஜெயித்தார்கள். வித்தியாசம், போன இளைஞர் யார் என்பதில் இருந்தது.

ஷமி: இரண்டு முகம்

இப்போது லக்னோவுக்கு வருவோம். ஷமியை எடுக்கலாமா கூடாதா என்று இரண்டு பக்கமும் வாதாட வேண்டிய எல்லாமே ஒரே சீசனில் கிடைக்கிறது.

வேண்டாம் என்பவர்கள் காட்டுவது: 2025-ல் ஹைதராபாத்துக்காக 9 போட்டி, 6 விக்கெட், ஓவருக்கு 11-க்கு மேல் ரன். ஏப்ரல் 12-ம் தேதி பஞ்சாபுக்கு எதிராக 4 ஓவரில் 75 ரன், விக்கெட் இல்லை. கணுக்கால் காயத்துக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டதால் 2024 சீசன் முழுவதும் ஆடவில்லை.

வேண்டும் என்பவர்கள் காட்டுவது: 2023-ல் குஜராத்துக்காக 28 விக்கெட், ஊதா தொப்பி. அதே ஆண்டு உலகக் கோப்பையில் 24 விக்கெட். 2025 சாம்பியன்ஸ் டிராபியில் 9 விக்கெட். அந்த மோசமான ஐபிஎல் சீசனிலும், ஏப்ரல் 25 அன்று சேப்பாக்கத்தில் ஆட்டத்தின் முதல் பந்திலேயே சென்னையின் ஷேக் ரஷீதை வெளியேற்றினார். டிரேடுக்கு முந்தைய மாதம் ரஞ்சி டிராபியில் பெங்காலுக்காக 2 போட்டிகளில் 15 விக்கெட்.

இதில் எதை நம்புவது? அணிகள் இங்கேதான் எண்களைப் பிரித்துப் பார்க்கும். ஷமியின் பலம் பவர்பிளே. 2023-ல் எடுத்த 28 விக்கெட்டில் 17, முதல் 6 ஓவரில் வந்தவை. ஆடுகளத்தில் கொஞ்சம் ஈரமும் பந்தில் தையலும் இருக்கும்போது அவர் வேறு ஆள். தட்டையான ஆடுகளத்தில் 18-வது ஓவர் கொடுத்தால் அடி விழும். ஆகவே "ஷமி நல்லவரா?" என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. "எங்களுக்கு எந்த ஓவருக்கு ஆள் வேணும்?" என்று கேட்டால் கிடைக்கும்.

லக்னோவுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதன் இளம் வேகப்பந்து வீச்சாளர்கள் காயத்தில் கிடந்தார்கள். மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்ட மயங்க் யாதவை 11 கோடிக்குத் தக்கவைத்தது அந்த அணி. 2024-ல் 4 போட்டி, 2025-ல் 2 போட்டிதான் அவரால் ஆட முடிந்தது. 22 வயது இளைஞர்! இளசு என்றால் உடம்பு தாங்கும், வயசானால் தாங்காது என்ற பொதுப்பேச்சு வேகப்பந்து வீச்சில் அப்படியே பொருந்தாது. 2025-ல் மயங்கை விட ஷமி 7 போட்டிகள் அதிகம் ஆடியிருக்கிறார்.

லக்னோவின் பந்துவீச்சுப் பயிற்சியாளர் பரத் அருண், தமிழ்நாடு அணிக்காக ரஞ்சிக் கோப்பை ஜெயித்தவர். இந்திய அணியில் ஷமி உச்சத்தில் இருந்த காலத்தில் அங்கே பயிற்சியாளராக இருந்தவரும் அவர்தான். பழைய எஞ்சினின் சத்தம் கேட்டே கோளாறு சொல்லத் தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் இருந்தால் பழைய படகை வாங்கத் துணிவு வரும். லக்னோவுக்கு அந்தத் துணிவு இருந்தது.

ஜடேஜா: 18 கோடி 14 ஆன கதை

சென்னை - ராஜஸ்தான் டிரேடில் சஞ்சு சாம்சன் 18 கோடிக்குச் சென்னைக்கு வந்தார். ஜடேஜாவும் சாம் கரணும் ராஜஸ்தானுக்குப் போனார்கள். சென்னையில் 18 கோடி வாங்கிய ஜடேஜாவின் சம்பளம், ராஜஸ்தானில் 14 கோடி.

அந்த 4 கோடியில்தான் விஷயம் இருக்கிறது. ஏலமாக இருந்தால் விலை எங்கே போகும் என்று சொல்ல முடியாது. டிரேடில் வயதைச் சொல்லி, பேசி, விலையைக் குறைக்க முடிந்தது. 2024 டி20 உலகக் கோப்பையோடு சர்வதேச டி20-யில் இருந்து ஓய்வு பெற்றுவிட்ட ஒருவருக்கு, 2025 சீசனில் 10 விக்கெட் எடுத்த ஒருவருக்கு, 18 கோடி அதிகம் என்று ராஜஸ்தான் நினைத்தது. 14 சரி என்று வீரரும் ஒத்துக்கொண்டார்.

ராஜஸ்தானுக்கு அவர் ஏன்? ஹசரங்கா, தீக்‌ஷனா என்று இரண்டு சுழற்பந்து வீச்சாளர்களை அந்த அணி அதே நேரத்தில் விடுவித்தது. இடம் காலியாக இருந்தது. ஜடேஜா இந்திய வீரர் என்பதால் வெளிநாட்டு ஒதுக்கீடும் மிச்சம். பேட்டிங்கும் வரும். ஓட்டை தெரிந்து போட்ட பலகை.

சென்னைக்கு இது எளிதான முடிவு அல்ல. சிஎஸ்கேவுக்காக அதிக விக்கெட் எடுத்தவர் ஜடேஜா, 143. 2023 இறுதிப் போட்டியின் கடைசி இரண்டு பந்தில் சிக்ஸரும் பவுண்டரியும் அடித்துக் கோப்பையைக் கொடுத்தவர். அந்தப் பந்துகளை இன்றைக்கும் ரீல்ஸில் பார்க்கிற ரசிகர்களிடம் "அவரை விட்டுட்டோம்" என்று சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்து என்ன செய்தது சென்னை? டிசம்பர் 16-ம் தேதி அபுதாபி ஏலத்தில், 20 வயது பிரசாந்த் வீரை எடுத்தது. இடது கை சுழற்பந்து, பேட்டிங்கும் உண்டு. ஜடேஜா செய்த அதே வேலை. இந்தியாவுக்காக இன்னும் ஆடாத அவருக்குச் சென்னை கொடுத்த விலை 14.2 கோடி.

அதாவது, 37 வயது ஜடேஜாவுக்கு ராஜஸ்தான் 14 கோடி. 20 வயது பிரசாந்த் வீருக்கு சென்னை 14.2 கோடி. முன்னவர் என்ன செய்வார் என்று 250-க்கும் மேற்பட்ட ஐபிஎல் போட்டிகள் சொல்லும், எத்தனை நாள் செய்வார் என்பதுதான் சந்தேகம். பின்னவருக்கு நாள் நிறைய இருக்கிறது, என்ன செய்வார் என்பதுதான் கேள்வி. இரண்டு அணிகளும் ஏறத்தாழ ஒரே பணத்தை, இரண்டு வேறு சந்தேகத்தின் மேல் வைத்திருக்கின்றன.

பழைய படகு வாங்குபவர் பார்க்கும் ஐந்து விஷயம்

பழைய விசைப்படகு வாங்கப் போகிறவர் பெயின்ட்டைப் பார்த்து விலை பேச மாட்டார். அடியில் போய்ப் பலகையைத் தட்டிப் பார்ப்பார், எஞ்சினை ஓடவிட்டுப் பார்ப்பார், எத்தனை தடவை பழுது பார்த்தது என்று விசாரிப்பார். மூத்த பவுலர் டிரேடையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

1. கடைசி இரண்டு சீசனில் எத்தனை போட்டி? மொத்த விக்கெட் எண்ணிக்கை பெயின்ட் மாதிரி. ஆடிய போட்டிகளின் எண்ணிக்கைதான் பலகை.

2. எந்த ஓவருக்கு ஆள் வேண்டும்? பவர்பிளேயா, நடு ஓவரா, கடைசி ஓவரா? அணியில் அந்த இடம் உண்மையிலேயே காலியாக இருக்கிறதா?

3. எந்த ஆடுகளம்? 7 போட்டிகள் நடக்கும் சொந்த மைதானம் அவர் பந்துக்கு ஒத்துவருமா? போன வருட ஆடுகளத்தைப் பார்க்கிறோமா, பத்து வருடத்துக்கு முந்தைய நினைவைப் பார்க்கிறோமா?

4. சம்பளம் குறைந்ததா? வயது ஏறும்போது விலை இறங்க வேண்டும். ஜடேஜாவுக்கு இறங்கியது. ஷமிக்கு அதே 10 கோடி.

5. யாருடைய இடம் போகிறது? அவர் வந்தால் பெஞ்சில் உட்காரப் போகும் இளைஞர் யார்?

ஐந்தாவது கேள்வியைத்தான் ரசிகர்கள் பெரும்பாலும் கேட்பதில்லை. ஆனால் ஊர் டோர்னமென்ட் ஆடியவர்களுக்கு இது புதிதல்ல. பரிசுத்தொகை பெரிதாக இருந்தால் வெளியூரிலிருந்து பேர் பெற்ற பவுலரைக் கூப்பிடுவார்கள். கோப்பை வரலாம். ஆனால் அன்றைக்கு 4 ஓவர் போடாமல் எல்லைக் கோட்டில் நின்ற உள்ளூர்ப் பையன், அடுத்த வருடம் வேறு ஊருக்கு ஆடப் போய்விடுவான். டெட்ராய்ட்டுக்கு நடந்ததும் இதுதான்.

முடிவாக... எடுக்கலாமா?

எடுக்கலாம், மூன்று நிபந்தனையோடு. அணி அந்த ஆண்டே கோப்பைக்கு அருகில் இருக்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட வேலைக்கு ஆள் இல்லாமல் இருக்க வேண்டும். சம்பளம், அவர் பாதிப் போட்டிகளில் ஆடாவிட்டாலும் அணி தாங்குகிற அளவில் இருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தபோது தாஹிரும் நெஹ்ராவும் வெர்லாண்டரும் ஜெயித்தார்கள்.

கடைசி இடத்தில் இருக்கும் அணி, பேருக்காகவும் பழைய பாசத்துக்காகவும் மூத்த பவுலரைப் பெரிய விலைக்கு எடுப்பது சரிவராது. அந்த அணிக்குத் தேவை இரண்டு, மூன்று ஆண்டுகள் கூடவே வளரும் கைகள். 2025-ல் பத்தாவது இடம் பிடித்த சென்னை, மூத்தவரை அனுப்பி இளையவரை எடுத்த முடிவுக்கு இந்தக் கணக்கில் நியாயம் இருக்கிறது. 14.2 கோடி என்ற விலை அந்த இளைஞரின் தோளில் ஏற்றும் சுமை தனிக் கதை. வயதானவருக்கு அதிக விலை கொடுப்பது எவ்வளவு தப்போ, அனுபவமில்லாதவருக்கு அதிக விலை கொடுப்பதும் அவ்வளவு ஆபத்துதான்.

அடுத்த டிரேடு சாளரம் திறக்கும்போது "பிரேக்கிங்" என்று போனில் ஒரு பெயர் வரும். பழக்கமான, பெரிய பெயராக இருக்கும். ஃபயர் எமோஜி போடுவதற்கு முன் இரண்டு எண்களைத் தேடிப் பாருங்கள்: போன சீசனில் அவர் ஆடிய போட்டிகள் எத்தனை, இந்த சீசனில் அவருக்குக் கொடுக்கும் சம்பளம் எவ்வளவு. பெரும்பாலான விவாதம் அந்த இரண்டிலேயே முடிந்துவிடும்.